உழைத்தும் ஒழியாத வறுமை: கோ. நடேசய்யர் நடத்திய கூலிக் கணக்கு

வேலையில்லாதவனே ஏழை, வேலை கிடைத்துவிட்டால் வறுமை தானாக அகன்றுவிடும் என்பது நம்மில் பலர் கேள்விக்கு உட்படுத்தாமல் ஏற்றுக்கொண்டுள்ள எண்ணம். ஆனால் செல்வம் கொழிக்கும் நாடுகளே இவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்து வந்துள்ளன. உலகின் செல்வந்த நாடாகப் பிரித்தானியா திகழ்ந்த காலத்தில், சீபோம் ரவுண்ட்ரீ என்பவர் யோர்க் நகரத் தொழிலாளர் வீடுகளின் வரவு செலவை ஆராய்ந்து 1901 ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். அந்நகர மக்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வறுமையில் வாழ்ந்தனர் என்பது அவரது முடிவு. அடிப்படை உணவுக்கும் உடைக்கும் கூட வருமானம் போதாதிருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேரின் குடும்பத் தலைவர்கள் ஒழுங்காக வேலைக்குச் சென்று வந்தவர்கள். அவர்களுடைய குறை சோம்பலன்று, கூலி போதாமையே.

நூறாண்டுகளுக்குப் பின்னரும் நிலைமை அடியோடு மாறிவிடவில்லை. பிரித்தானியாவில் அண்மைக் காலத்தில் வறுமையில் வாழும் பிள்ளைகளுள் பெரும்பான்மையினர், வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகளே. அமெரிக்கத் தொழிற் புள்ளிவிபரத் திணைக்களம், ஆண்டில் பாதிக்கு மேல் தொழிற் சந்தையில் இருந்தும் வறுமைக் கோட்டைத் தாண்ட முடியாதவர்களைத் தனியே கணக்கிட்டு அறிக்கை வெளியிட்டு வருகின்றது.

யோர்க் நகரத்து வீடுகளில் அன்று கொதித்த தேநீரில் ஒரு பகுதி எமது மலையகத்திலிருந்து சென்றது. தேநீரைக் குடித்தவர் வீட்டில் வறுமை இருந்தது போலவே, கொழுந்தைப் பறித்தவர் வீட்டிலும் வறுமை இருந்தது. ஒரு வேறுபாடு மாத்திரம் இருந்தது. அங்கே வறுமையைக் கணக்கெடுக்க ஒருவர் வீடு வீடாகச் செல்ல முடிந்தது. இங்கே லயத்துக்குள் ஓர் அந்நியன் கால் வைப்பதற்கே துரையின் அனுமதி வேண்டியிருந்தது. அந்தத் தடையை மீறி உள்ளே சென்று, தோட்டத் தொழிலாளியின் கூலிக் கணக்கைப் பொதுவில் வைத்தவர்களுள் முதன்மையானவர் கோதண்டராம நடேசய்யர். அவரது வாழ்க்கையை இன்று மீட்டுப் பார்ப்பது வெறும் நினைவஞ்சலிக்காக அன்று.

தஞ்சாவூரில் 1887 ஆம் ஆண்டு பிராமணக் குடும்பமொன்றில் பிறந்தவர் நடேசய்யர். தஞ்சையில் 'வர்த்தக மித்திரன்' என்ற வணிக இதழை நடத்திய அவர், வரவு செலவு நுட்பங்களை அறிந்தவர். 1915 இல் வர்த்தகர்களின் அழைப்பை ஏற்று இலங்கைக்கு முதன்முறையாக வந்தார். தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கப்பலேறியவர்கள் மலைநாட்டில் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதைக் கண்ணாற் காண விரும்பினார். தோட்டங்களோ வேலி போடாத சிறைகளாக இருந்தன. புடைவை வியாபாரி போல் வேடமிட்டு லயங்களுக்குள் நுழைந்து அவர் நிலைமைகளை அறிந்து வந்தார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். தலையில் துணி மூட்டையுடன் லயவாசலில் நின்ற அந்த மனிதர் அங்கு கண்டது என்னவென்பதைச் சற்று விரித்துரைப்பது அவசியம்.

விடியுமுன் பெரட்டுக் களத்தில் கூடி, மழையிலும் பனியிலும் மலையேறி, மாலையில் நிறுவை முடித்துத் திரும்பும் குடும்பம் அது. கணவன், மனைவி, பத்து வயதைத் தாண்டிய பிள்ளை என மூவரும் வேலை செய்வர். ஆயினும் அவர்களது கணக்கில் மிஞ்சுவது கடன். ஊரிலிருந்து புறப்படும்போதே பெரியங்கங்காணியின் முற்பணம் தொழிலாளியின் தலையில் ஏறிவிடும். வழிச்செலவும், தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலையும் அதனுடன் சேரும். வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால், அவன் பட்ட கடன் எவ்வளவு என்று எழுதிய 'துண்டு' அவனோடு செல்லும். அக்கடனைத் தீர்க்கச் சம்மதிக்கும் துரையே அவனை ஏற்பார். மனிதனைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றும் சீட்டாக அத்துண்டு மாறியிருந்தது. வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. எனவே தொழிலாளி கடனில் இருப்பது கங்காணிக்கு இலாபம். கங்காணியின் பிடியில் தொழிலாளி இருப்பது தோட்டத்துக்கு இலாபம். இந்தச் சங்கிலியில் கூலி என்பது ஏட்டில் எழுதும் எண் மாத்திரமே. அது அடுப்படிக்கு வந்து சேர்ந்ததா என்று எவரும் கேட்கவில்லை.

நடேசய்யர் 1920 அளவில் இலங்கையில் நிலைகொண்டார். இந்நாட்டின் முதலாவது தமிழ் நாளிதழ் எனக் கருதப்படும் 'தேசநேசன்' 1921 இல் கொழும்பிலிருந்து வெளிவந்தபோது அதன் ஆசிரியப் பொறுப்பு அவருடையதாயிற்று. பின்னர் 1924 இல் 'தேசபக்தன்' தோன்றி அப்பத்தாண்டின் இறுதிவரை நடைபெற்றது. தோட்டங்களில் நடைபெறும் அநீதிகள் அவ்விதழ்களின் பக்கங்களில் இடம்பெற்றன. துண்டு முறையை ஒழிக்கும் சட்டம் 1921 இல் நிறைவேறியிருந்தபோதிலும், பற்றுச்சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை பெற முடியாத நிலை நீடித்தது. சட்டம் மாறியும் வழக்கம் மாறாத இடங்களைச் சுட்டிக்காட்டும் கடமையை ஓர் ஆசிரியனுக்குரிய கடமையாக அவர் கொண்டார். பொலிஸாரின் கண்காணிப்பும் தோட்டத்துரைமாரின் பகையும் அவரைத் தொடர்ந்தன.

தொழிற்சங்கத் துறையில் அவரது முதற் களம் கொழும்பே. ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் நகரத் தொழிலாளர் எழுச்சி பெற்ற வேளை, அவருடன் இணைந்து நடேசய்யர் செயற்பட்டார். சிங்களத் தொழிலாளியும் இந்தியத் தொழிலாளியும் ஒரே சங்கத்தில் நின்ற அக்காலம் நீடித்திருந்தால் இந்நாட்டின் வரலாறு வேறாக இருந்திருக்கக் கூடும். ஆனால் இந்தியத் தொழிலாளருக்கு எதிரான குரல் அவ்வியக்கத்துக்குள்ளேயே எழத் தொடங்கியதும், 1920 களின் இறுதியில் இருவரும் பிரிந்தனர். வேலை குறையும்போது உழைப்பவனுக்கு உழைப்பவனே எதிரியாகக் காட்டப்படுவது உலகெங்கும் கண்ட அனுபவம். பொருளாதார மந்தம் வந்தபோது அந்த அனுபவம் கொழும்புத் துறைமுகத்துக்கும் வந்து சேர்ந்தது.

அரசியலில் அவரது நுழைவும் கவனிக்கத்தக்கது. 1924 ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலில் இந்தியருக்கென ஒதுக்கப்பட்ட இரண்டு ஆசனங்களுக்கு ஐ. எக்ஸ். பெரைராவும் முகமது சுல்தானும் தெரிவாயினர். நடேசய்யர் தோல்வியுற்றார். முகமது சுல்தானின் மறைவையடுத்து 1925 இல் நடந்த இடைத்தேர்தலில் வென்று சட்டசபைக்குள் புகுந்தார். ஒரு கிறிஸ்தவ வணிகர், ஒரு முஸ்லிம், பின்னர் ஒரு பிராமணப் பத்திரிகையாளர் என இந்தியத் தமிழரின் முதற் பிரதிநிதிகள் அமைந்தமை, அன்றைய சமூகம் மதத்தைக் கடந்து தன் நலனைக் கண்டது என்பதற்குச் சான்று. கூலியை உரிய வேளையில் குறைவின்றிக் கொடுப்பதை இஸ்லாம் ஓர் அறக்கடமையாக வலியுறுத்துகின்றது. உழைப்பவனை வஞ்சிப்பது பாவமென்பது எல்லா மரபுகளுக்கும் பொதுவான நெறி. நடேசய்யர் இந்நெறியைச் சட்டத்தின் மொழியில் கேட்டார் எனலாம்.

அவர் சட்டசபையில் இருந்த காலத்திலேயே, இந்திய அரசின் வற்புறுத்தலின் விளைவாக 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறியது. 1929 இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி உயர்ந்த மலைப்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். இவ்வெண்களை ஒருமுறை கூட்டிப் பார்ப்போம். கணவனும் மனைவியும் நாள் முழுதும் உழைத்தால் 97 சதம். ஒரு ரூபா கூட இல்லை. பிள்ளையையும் மலைக்கு அனுப்பினால் மாத்திரமே அக்குடும்பம் ஒரு ரூபாவைத் தாண்டி 1 ரூபா 29 சதத்தை எட்டும். பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லையே என்று அன்று வருந்தியவர்களுக்கு விடை இக்கூட்டலிலேயே இருந்தது. குடும்பத்தில் எல்லோரும் வேலை செய்கிறார்கள், ஆகவே ஒவ்வொருவருக்கும் குறைவாகக் கொடுத்தால் போதும் என்பதே தோட்டப் பொருளாதாரத்தின் மறைவான விதி. பெண்ணின் கூலி ஆணின் கூலிக்குச் சமமாவதற்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும்.

அந்தச் சொற்பக் கூலியும் நிலைக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை சரிந்ததும் முதலில் வெட்டப்பட்டது தொழிலாளியின் நாட்கூலியே. விலை உயர்ந்த நாட்களில் இலாபத்தில் பங்கு கேட்க உரிமையில்லாதவன், விலை விழுந்த நாளில் நட்டத்தில் பங்கு கொள்ளும்படி பணிக்கப்பட்டான். இந்நெருக்கடியின் வாசலில், 1931 இல், நடேசய்யர் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். மலையகத் தொழிலாளருக்கென எழுந்த முதலாவது தொழிற்சங்கம் அதுவே. கொழும்பிலிருந்து பேசுவதை விட்டு, ரயில் ஏறி மலைக்குச் சென்று அங்கேயே அச்சுக்கூடமும் அலுவலகமும் வைத்து வாழத் துணிந்தமை அவரது வாழ்வின் திருப்புமுனை.

அச்சமயத்தில் அவர் தெரிந்தெடுத்த ஆயுதங்கள் நம் சிந்தனைக்குரியவை. தொழிலாளருக்கான சட்டங்களை எளிய தமிழில் நூலாக்கினார். 'நீ மயங்குவதேன்', 'வெற்றி உனதே' ஆகிய நூல்களை எழுதினார். தொழிலாளரின் பிழைப்பை நாடகமாகவும் ஆக்கினார். எழுத்தறியாதவரிடையே நூல் எங்ஙனம் செல்லும் என்ற ஐயம் எழலாம். அவ்விடத்தில்தான் அவரது துணைவியார் மீனாட்சியம்மையின் பணி தொடங்குகின்றது. தொழிலாளர் நன்கறிந்த மெட்டுகளில் பாடல் இயற்றி, கூட்டங்களில் தாமே பாடி, கூலியையும் உரிமையையும் பற்றிய செய்தியைச் செவிவழியாக லயங்களுக்குள் அவர் அனுப்பினார். இலங்கையில் இந்தியர் நிலைமையைப் பாடல்களாக்கிய அவரது தொகுப்பு 1940 இல் வெளிவந்தது. பெண்கள் மேடையேறுவதே அரிதான காலத்தில், கொழுந்து பறிக்கும் பெண்கள் முன் நின்று பாடிய அப்பெண்மணிக்கு எமது வரலாற்று நூல்கள் இன்னும் உரிய இடத்தைக் கொடுக்கவில்லை.

1936 ஆம் ஆண்டு ஹட்டன் தொகுதியில் வெற்றி பெற்று அரசாங்க சபையில் அமர்ந்த நடேசய்யர், 1947 வரை அங்கே உறுப்பினராக இருந்தார். 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, தோட்டத் தமிழருக்கு மட்டும் வசிப்பிடத் தகுதி, கல்வி அல்லது சொத்துத் தகுதி, நிரந்தரக் குடியிருப்புச் சான்று என்ற தடைகள் போடப்பட்டன. பின்னர் கிராம சபைகளுக்கான வாக்குரிமையும் மறுக்கப்பட்டது. கூலிக் கேள்வியும் குடியுரிமைக் கேள்வியும் ஒன்றுடனொன்று பிணைந்தவை என்பது அச்சபையின் விவாதங்களில் தெளிவாகியது. வாக்கில்லாதவனின் கூலியை உயர்த்த எந்த அரசியல்வாதிக்கும் அவசரம் இருப்பதில்லை.

அவருடைய பொதுவாழ்வு வெற்றிகளின் பட்டியலன்று. சம்மேளனம் தோட்டந்தோறும் வேரூன்றிய அமைப்பாக வளரவில்லை. ஒரு மனிதரின் ஆற்றலைப் பெரிதும் சார்ந்திருந்தமையும், தோட்ட நிர்வாகங்களின் எதிர்ப்பும், மந்த காலத்தின் வேலைப் பயமும் அதற்குக் காரணங்கள். 1939 இல் நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானபோது நடேசய்யர் அதன் தலைமையில் இடம்பெறவில்லை. அதே ஆண்டின் இறுதியிலும் 1940 இன் தொடக்கத்திலும் தோட்டங்களில் வேலைநிறுத்த அலை எழுந்தது. முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். புதிய சங்கங்களும் இடதுசாரிகளும் களத்தை நிறைத்தனர். 1947 பொதுத் தேர்தலில் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. மலையகத்துக்குச் சங்கம் என்ற சொல்லைக் கொண்டு வந்தவரோ மஸ்கெலியாவில் தோற்றார். அவ்வாண்டு நவம்பர் 7 ஆம் நாள் நடேசய்யர் காலமானார். அவர் மறைந்து ஏறத்தாழ ஓராண்டில் சுதந்திர இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம், அவர் யாருக்காகப் பேசினாரோ அம்மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அந்த ஏழு ஆசனங்களும் அடுத்த தேர்தலில் இல்லாமற் போயின.

பல்லாண்டுகள் மறதியில் இருந்த அவரது வாழ்க்கையை, பழைய இதழ்களையும் நூல்களையும் தேடியெடுத்து மீட்டுத் தந்தவர் மலையக எழுத்தாளர் சாரல்நாடன். தொழிலாளர் இயக்க வரலாற்றை எழுதிய குமாரி ஜயவர்தனவும் அவருக்குரிய இடத்தைச் சுட்டிக்காட்டினார். இவ்விருவருக்கும் நாம் கடமைப்பட்டுள்ளோம்.

இனி, அவர் நடத்திய கணக்கு இன்று எந்நிலையில் உள்ளது என்று பார்ப்பது நம் கடமை. 1941 இல், நடேசய்யர் அரசாங்க சபையில் இருந்த காலத்தில், சம்பள நிர்ணய சபைகள் சட்டம் உருவானது. எண்பது ஆண்டுகளுக்குப் பின், 2021 இல், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று தீர்மானிக்கப்பட்டதும் அச்சட்டத்தின் கீழேயே. 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதன் பின்னரும் உயர்வுகள் அறிவிக்கப்பட்டன. ஒவ்வொரு உயர்வும் தலைப்புச் செய்தியானது. ஒவ்வொரு அரசியல் மேடையிலும் உரிமை கோரப்பட்டது. ஆனால் தொழிலாளி கேட்பது வேறொரு கேள்வி. மாதத்தில் எத்தனை நாள் வேலை? நிர்ணயித்த கிலோ கிடைக்காவிட்டால் முழுப்பேரா, அரைப்பேரா? முற்பணம், சந்தா, தேயிலைத்தூள் என்ற கழிவுகளின் பின் சம்பளச் சீட்டின் அடிவரியில் நிற்கும் தொகை என்ன? 2021 இல் 1,000 ரூபா வந்ததும் பறிக்க வேண்டிய கிலோவின் அளவு கூட்டப்பட்டது, வேலை நாட்கள் குறைக்கப்பட்டன என்று பல தோட்டங்களிலிருந்து முறைப்பாடுகள் எழுந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அரச புள்ளிவிபரங்களும் இதையே கூறுகின்றன. 2019 ஆம் ஆண்டுக் குடித்தொகைத் திணைக்களக் கணிப்பின்படி நாட்டில் வறுமையில் இருந்தோர் 14.3 சதவீதம், தோட்டத்துறையிலோ 33.8 சதவீதம். அதாவது மூவருள் ஒருவர். அது பொருளாதார வீழ்ச்சிக்கு முந்திய கணக்கு. 2022 இல் அரிசியும் கோதுமை மாவும் விலையேறிய விதத்தை அறிந்தவர்களுக்கு, அதன் பின் லயங்களில் அடுப்பெரிந்த கதையைச் சொல்லத் தேவையில்லை. வேலையில்லாமையால் வந்த வறுமையன்று இது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் தொழிலில், தலைமுறை தலைமுறையாக உழைப்பவர் வீட்டில் குடிகொண்ட வறுமை.

இது தோட்டத்தோடு நின்றுவிடும் துன்பமுமன்று. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா கடைவீதிகளில் தமிழ், முஸ்லிம் வணிகர்களின் வியாபாரம் தோட்டச் சம்பள நாளை நம்பியே நடைபெறுகின்றது. சம்பளச் சீட்டு மெலிந்தால் கடைகளின் கடன் கொப்பி தடிக்கும். இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்குச் செல்கின்றனர். மலையகத் தமிழ்த் தாய்மாரும் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள முஸ்லிம் தாய்மாரும் வளைகுடாவின் செல்வந்த வீடுகளில் ஒரே சமையலறையில் சந்தித்துக்கொள்கின்றனர். ஒரு நாட்டின் கூலிக் குறைவு இன்னொரு நாட்டின் மலிவான உழைப்பாகின்றது.

நடேசய்யரின் ஆண்டு நினைவுகள் வரும்போது மாலை சூட்டுவோர் உள்ளனர். மாலையை விட அவருக்குப் பொருத்தமான மரியாதை ஒன்றுண்டு. நாட்சம்பளம் எவ்வளவு என்று அறிவிப்பதோடு நிறுத்தாமல், ஒரு தோட்டக் குடும்பத்தின் கைக்கு மாதம் எவ்வளவு சேர்கின்றது என்பதையும், அதன் உணவுச் செலவு எவ்வளவு என்பதையும் அருகருகே வைத்து அரசும் கம்பனிகளும் ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்த வேண்டும். சம்பளச் சீட்டு தொழிலாளி வாசித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் இருக்க வேண்டும். அதிலுள்ள ஒவ்வொரு கழிவுக்கும் காரணம் கேட்க அவருக்கு இயல வேண்டும். தொழிற்சங்கங்கள் மேடை முழக்கத்துக்கு முன் இக்கணக்கைக் கற்பிக்க வேண்டும். ஒரு துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மறைவாகச் சென்று அறிய வேண்டியிருந்த உண்மையை, இன்றைய மலையகம் வெளிச்சத்தில் கேட்டுப் பெற உரிமையுடையது. உழைக்கும் வீட்டில் வறுமை இருக்குமானால் குறை அவ்வீட்டில் இல்லை. அவ்வீட்டுக்குக் கூலி நிர்ணயிக்கும் மேசையிலேயே உள்ளது.